ஸ்டூடியோவில் ஒரு ராக் பாட்டைப் பதிவு செய்வது எப்படி? நெல்லைப் பக்கத்து பேண்டுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு ராக் பேண்டில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இதுவரை ஐந்து பாட்டு பதிவு செய்திருக்கிறோம்: இரண்டு சென்னையில், ஒன்று திருவனந்தபுரத்தில், மீதி இரண்டு இங்கேயே. இப்போது மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், தென்காசி என்று பல ஊர்களிலிருந்து தம்பி தங்கைகள் போன் போட்டுக் கேட்கிறார்கள், கேள்விகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பாட்டு எந்த அளவுக்குத் தயாரானால் ஸ்டூடியோவுக்குப் போகலாம்?

நடுராத்திரியில் எழுப்பி "ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் எத்தனை பார்?" என்று கேட்டால் நாலு பேரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று). அந்த அளவுக்கு. ஸ்டூடியோவில் மணிக்கணக்கிலோ கால்ஷீட் கணக்கிலோ காசு ஓடிக்கொண்டிருக்கும், அங்கே போய் "இந்த இடத்துல ஒரு தடவை நிறுத்திப் பார்ப்போமா" என்று பேச ஆரம்பித்தால் அரை நாள் போய்விடும்.

எளிமையான வழி ஒன்று உண்டு. பிராக்டிஸ் செய்யும் அறையின் மூலையில் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே கேட்க வேண்டாம், மறுநாள் காலையில் கேளுங்கள். வாசிக்கும்போது பிரமாதமாகத் தெரிந்த இரண்டு நிமிட கிட்டார் சோலோ காலையில் எட்டு பார் போதும் என்று தோன்றும். கோரஸ் (பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும் பகுதி) வருவதற்கு ரொம்ப நேரம் ஆகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். இந்த வெட்டுதல் ஒட்டுதல் எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். பாட்டின் அமைப்பை பார் கணக்கோடு ஒரே தாளில் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுங்கள், ஒலிப்பதிவு இன்ஜினியருக்கும் ஒன்று.

கிளிக் வைத்து வாசித்தே ஆகணுமா?

பெரும்பாலும் ஆமாம். கிளிக் என்பது ஹெட்போனில் டக் டக் என்று ஓடும் தாளம். 120 டெம்போ என்றால் நிமிடத்துக்கு 120 அடி, நாலு நிமிடப் பாட்டில் 480 அடி. டிரம்ஸ் அதோடு ஒட்டி இருந்தால்தான் ஒரு மாதம் கழித்து இன்னொரு கிட்டாரைச் சேர்க்கவும், முதல் கோரஸில் நன்றாக வந்ததை மூன்றாவது கோரஸில் எடுத்துப் போடவும் முடியும்.

ஆனால் ஸ்டூடியோவில்தான் முதல்முறையாக கிளிக்கைக் கேட்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது மூன்று வாரம் கிளிக்கோடு பழக வேண்டும். எங்கள் டிரம்மர் முதல் நாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "எண்ணே, இது என்னையப் பிடிச்சு பின்னால இழுக்கு" என்றான். உண்மையில் அவன் ஃபில் (வரிகளுக்கு நடுவே வரும் சின்ன உருட்டல்) வாசிக்கும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான், இரண்டு வருஷமாக நாங்களும் கூடவே ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. கிளிக் சத்தத்தை ஷேக்கர் சத்தமாக மாற்றி, ஒரு அடிக்கு இரண்டாக ஒலிக்க வைத்ததும் அவனுக்கு அது கூட வாசிக்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டது. கோரஸ் கொஞ்சம் வேகம் எடுத்தால்தான் நன்றாக இருக்கிறது என்றால் அந்த இடத்தில் மட்டும் இரண்டு டெம்போ ஏற்றி வைக்கச் சொல்லலாம், இன்ஜினியருக்கு அது ஒரு நிமிட வேலை.

இன்னொன்று. பாட்டின் கடைசியில் சிம்பல் அடித்து அது மெல்ல அடங்கும் இடத்தில் கிளிக்கை நிறுத்தச் சொல்லுங்கள். ஹெட்போனிலிருந்து கசியும் டக் டக் சத்தம் அந்த அமைதியில் மைக்கில் தெளிவாக ஏறிவிடும்.

நாலு பேரும் சேர்ந்து வாசிப்பதா, தனித்தனியாக எடுப்பதா?

இரண்டும் நடக்கிறது. 1963 பிப்ரவரி 11-ஆம் தேதி பீட்டில்ஸ் லண்டனில் ஒரே நாளில் தங்கள் முதல் ஆல்பத்துக்கான 10 பாட்டுகளை எடுத்து முடித்தார்கள், அதுவும் இரண்டே ட்ராக்கில் (ட்ராக் என்பது தனியாகப் பதியும் ஒரு தடம்). அதற்கு முன்னால் ஹாம்பர்க் கிளப்புகளில் ராத்திரி ராத்திரியாக மணிக்கணக்கில் வாசித்துத் தேறியவர்கள் அவர்கள். நம் ஊர் சினிமாப் பாட்டும் பல காலம் வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒன்றாக இருந்து ஒரே டேக்கில் எடுத்ததுதான். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து.

இப்போது பல பேண்டுகள் செய்வது இது: முதலில் கிளிக்கோடு ஒரு கிட்டாரும் குரலும் சுமாராகப் பதிந்து வைக்கிறார்கள். இதுதான் கைடு ட்ராக். அதைக் கேட்டு டிரம்ஸ், அதன் மேல் பேஸ், பிறகு கிட்டார்கள், கடைசியில் குரல். கைடு ட்ராக்கைப் பிறகு தூக்கிவிடுவார்கள்.

எங்களுக்குச் சரிப்பட்டது நடுவழி. டிரம்மரும் நானும் ஒரே அறையில் கண்ணைப் பார்த்துக்கொண்டு வாசிக்கிறோம், கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) வேறு அறையில் இருக்கும், பாடுபவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று முழு உயிரோடு கைடு பாடுவார். டிரம்ஸ் சரியாக வரும்வரை எல்லோரும் திரும்பத் திரும்ப வாசிப்போம். இப்படி எடுத்தால் பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் டிரம்மரும் தானாக ஒரு அடி மெதுவாக அடிப்பார், தனித்தனியாக எடுத்தால் அது வராது. கிட்டாரும் குரலும் தப்பினால் கவலையில்லை, அவற்றைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். கைடு குரலை மட்டும் அழிக்க விடாதீர்கள், எங்கள் மூன்றாவது பாட்டில் கடைசியில் வைத்துக்கொண்ட சரணம் அந்தக் கைடில் பாடியதுதான்.

டிரம்ஸுக்கு மட்டும் ஏன் அரை நாள் செட்டப்?

ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் பிறகு திருத்தலாம், டிரம்ஸைத் திருத்துவது கஷ்டம். எட்டு முதல் பன்னிரண்டு மைக் ஒரே நேரத்தில் திறந்திருக்கும், ஸ்னேரில் (டிரம்மருக்கு நேர் முன்னால் இருக்கும் கூர்மையான சத்தமுள்ள டிரம்) விழும் அடி எல்லா மைக்கிலும் விழும்.

முதலில் தோல். பழைய தோலோடு போகாதீர்கள். குறைந்தது ஸ்னேருக்கும் டாம்களுக்கும் (சுற்றியிருக்கும் மற்ற டிரம்கள்) மேல் தோலைப் புதிதாக மாற்றி, ஒரு நாள் முன்னாலேயே இழுத்துக் கட்டி வாசித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பதிவு நடுவில் தளரும். கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்கருவியை அடிப்பவர்கள் ஆட்டத்துக்கு நடுவே தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள், ஒன்று உச்சத்திலும் ஒன்று மந்தத்திலும் நிற்கும்வரை விட மாட்டார்கள். அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும். டிரம் சாவியால் ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் தட்டிப் பார்த்து, சுற்றிலும் ஒரே சுருதி வரும்வரை திருகணும். தேவையில்லாத ரீங்காரம் இருந்தால் தோலின் ஓரத்தில் ஒரு துண்டு டேப் போதும்.

அப்புறம் அடிக்கும் முறை. நம் பக்கத்து டிரம்மர்களில் நிறைய பேர் சர்ச்சில் வாசித்துக் கற்றவர்கள். ஆராதனையில் சத்தம் மேலே போகக் கூடாது என்று மெதுவாக அடித்தே கை பழகியிருக்கும். ராக் பாட்டுக்கு ஸ்னேர் ஒவ்வொரு அடியும் ஒரே இடத்தில், ஒரே பலத்தில் விழ வேண்டும், சிம்பலை மட்டும் அடக்கி அடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், சிம்பல் எல்லா மைக்கையும் நிரப்பிவிட்டால் அதை வெளியே எடுக்க வழியே இல்லை. இந்தக் கை மாற்றத்துக்கு இரண்டு மாதமாவது பிடிக்கும், இப்போதே ஆரம்பியுங்கள்.

பிறகுதான் மைக். கிக் டிரம்முக்குள் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று (1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57 என்ற மைக் இன்றைக்கும் எல்லா ஸ்டூடியோவிலும் இருக்கும்), டாம்களுக்கு ஆளுக்கொன்று, தலைக்கு மேலே இரண்டு ஓவர்ஹெட். ஓவர்ஹெட் இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் எங்கள் இன்ஜினியர் பார்சல் கட்டும் சணல் கயிற்றின் ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் டிரம்மரை விட்டு அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை ஒரு மைக்குக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு முடிச்சுப் போட்டார். அதே முடிச்சு மற்ற மைக்கைத் தொடும்வரை ஸ்டாண்டை நகர்த்தினார், இருபது நிமிடம். காரணம் இதுதான்: சத்தம் ஒரு அடி தூரம் போக ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் ஆகும். ஒரு மைக்குக்கு ஸ்னேர் இரண்டு மில்லிசெகண்ட் தாமதமாகப் போனால், இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும், ஸ்னேர் தகர டப்பா மாதிரி ஆகும். முடித்துவிட்டு அவர் கிக் மைக்கின் ஃபேஸை (ஒலி அலை ஏறி இறங்கும் திசையை) ஒரு பட்டனால் திருப்பிக் காட்டினார். ஒரு நிலையில் வயிற்றில் இடிக்கிற மாதிரி இருந்தது, மறு நிலையில் அதே கிக் காணாமல் போனது. வேறு எதுவும் மாற்றவில்லை.

மைக் குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம். கிளின் ஜான்ஸ் என்ற இங்கிலாந்து இன்ஜினியர் பெயரில் ஒரு முறை இருக்கிறது: கிக், ஸ்னேர், தலைக்கு மேலே ஒன்று, ஃப்ளோர் டாம் பக்கம் ஒன்று, மொத்தம் நாலே மைக். தூரத்தை மட்டும் கயிறு வைத்து அளந்துவிடுங்கள்.

பேஸ் கிட்டாருக்கு ஆம்ப் வேண்டுமா?

வேண்டியதில்லை. டிஐ பாக்ஸ் (கிட்டாரை ஆம்ப் இல்லாமல் பதிவுக் கருவியோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக நேரடியாகப் பதிவு செய்தால் போதும், ஆம்ப் இருந்தால் அதையும் தனி ட்ராக்கில் எடுத்துக்கொள்ளலாம். புதுக் கம்பி போடுங்கள். மீதி எல்லாம் கிக் டிரம்மோடு ஒட்டி வாசிப்பதில் இருக்கிறது.

கிட்டார்: வீட்டில் ஆளை அள்ளும் டோன் ஸ்டூடியோவில் ஏன் கொசகொசவென்று ஆகிறது?

டிஸ்டார்ஷன் (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) அதிகம். தனியாக வாசிக்கும்போது அது நிறைவாக இருக்கும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்த பிறகு குத்து இருக்காது. நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவிலிருந்து கால்வாசியாவது குறையுங்கள். பேஸ் குமிழையும் குறையுங்கள், அந்த இடம் என்னுடையது!

மைக்கை ஸ்பீக்கர் கூம்பின் நடுவுக்கு நேராக வைத்தால் கூர்மையாக இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக மென்மையாகும். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஹெட்போன் போட்டுக்கொண்டு மைக்கை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். இதில் பதினைந்து நிமிடம் செலவழித்தால் மிக்ஸில் பல மணி நேரம் மிச்சம். ஆம்ப் இல்லாதவர்கள் சாஃப்ட்வேர் ஆம்ப் வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. எப்படி எடுத்தாலும் எஃபெக்ட் இல்லாத சுத்தமான சிக்னலை ஒரு ட்ராக்கில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு டோன் பிடிக்கவில்லை என்றால் அதே வாசிப்பை வேறு ஆம்ப் வழியாக அனுப்பலாம்.

ரிதம் கிட்டாரை இரண்டு தடவை வாசிக்கச் சொல்வார்கள். ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு. காப்பி செய்து போட்டால் அகலம் வராது, இரண்டு வாசிப்புக்கும் இடையே உள்ள சின்னச் சின்ன வேறுபாடுதான் அந்த அகலம். அதற்காகத் தாறுமாறாக வாசிக்கலாம் என்று அர்த்தமில்லை, கோர்டை வெட்டி நிறுத்தும் இடங்கள் இரண்டிலும் ஒன்றாக விழ வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூன் பாருங்கள், ஏசி அறைக்குள் வந்த கிட்டார் அரை மணி நேரத்தில் மாறிவிடும்.

பாடுபவர் என்ன கவனிக்க வேண்டும்?

தமிழில் பாடுகிறீர்கள் என்றால் முதலில் குறில் நெடில். ராக் மெட்டில் ஒரு சொல்லை இழுக்கும்போது "மலை" போய் "மாலை" ஆகிறது, "படம்" "பாடம்" ஆகிறது. பாடுபவருக்குத் தெரியாது, அவர் மனதில் சரியான சொல் இருக்கிறது. பாட்டைக் கேட்டிராத ஒருவரிடம் கைடு ட்ராக்கைக் கொடுத்து என்ன கேட்கிறதோ அதை எழுதச் சொல்லுங்கள். எங்கள் பாட்டில் என் அக்கா எழுதிக் கொடுத்த தாளில் ஏழு சொற்கள் வேறாக இருந்தன. மெட்டை மாற்றவில்லை, அந்த ஏழு இடங்களிலும் நெடில் இருக்கும் சொற்களைத் தேடிப் போட்டோம்.

இழுப்பதற்கு ஆ, ஓ போன்ற நெடில்கள் நல்லவை. மெய்யில் முடியும் சொல்லை உச்சத்தில் வைத்தால் தொண்டை அடைக்கும். பேசுவது போல எழுதிய வரிகளுக்கு நம் ஊர்ப் பேச்சே இருக்கட்டும், "வந்தாம்லா" என்று வாயில் வருவதை இன்ஜினியருக்காக மாற்ற வேண்டாம்.

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள், நடுவில் பாப் ஃபில்டர் (வாய்க் காற்றைத் தடுக்கும் வலை). ப வரும் இடங்களில் காற்று மைக்கில் இடிக்கும். "பொருநை" என்று தொடங்கும் ஒரு வரி எங்களை இப்படித்தான் படுத்தியது, எத்தனை தடவை பாடினாலும் முதல் எழுத்தில் புஸ் என்று ஒரு குத்து. கடைசியில் மைக்கை இரண்டு அங்குலம் மேலே தூக்கி மூக்குக்கு நேராகச் சாய்த்து வைத்தோம். காற்று கீழே போனது, குரல் மட்டும் ஏறியது.

முழுப் பாட்டையும் நாலைந்து தடவை பாடுங்கள், பிறகு ஒவ்வொரு வரிக்கும் சிறந்ததை எடுத்துக் கோப்பார்கள். தப்பிய ஒரு சொல்லை மட்டும் பன்ச் இன் செய்யலாம் (அந்த இடத்தை மட்டும் புதிதாகப் பதிவது), ஆனால் முந்தின வரியிலிருந்தே பாடி வாருங்கள், அப்போதுதான் மூச்சு ஒட்டும். கத்திப் பாடும் பகுதியை அன்றைய நாளின் கடைசிக்கு வையுங்கள்.

ஆட்டோட்யூன் போடலாமா?

அது சுருதி தப்பியதைத் திருத்தும் சாஃப்ட்வேர், ஒன்றிரண்டு இடத்தில் தொட்டுக்கொள்ளலாம். பாட்டு முழுக்கப் போட்டால் ராக் குரலில் இருக்கும் கரகரப்பும் வழுக்கலும் போய்விடும். எனக்கு அந்த வழுக்கல்கள்தான் பிடிக்கும்.

நையாண்டி மேளம், உறுமி, மகுடம் சேர்க்க முடியுமா?

தாராளமாக, ஆனால் அவர்கள் பக்கம் நீங்கள் போக வேண்டும். நையாண்டி மேளத்தில் வரும் நாதஸ்வரத்தின் சுருதியை ட்யூனருக்கு ஏற்ப மாற்ற முடியாது, அதனால் பாட்டு எந்த சுருதி என்று முடிவு செய்யும் முன்னாலேயே கலைஞரை வரவழைத்து வாசிக்கச் சொல்லி, அதற்கு உங்கள் கிட்டாரையும் பேஸையும் ட்யூன் செய்யுங்கள். நாங்கள் இதைத் தெரியாமல் எல்லாம் முடித்த பிறகு நாதஸ்வரம் எடுக்கப் போனோம், கிட்டார்களை முதலிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று.

உறுமியில் ஒரு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்க்கும் முனகல்தான் உயிர், ஆனால் அடிக்கும் முகம் அதைவிடப் பல மடங்கு சத்தம். முகத்துக்கு ஒன்றாக இரண்டு மைக், இரண்டும் தனித்தனி ட்ராக். மகுடத்துக்கு மூன்று நாலு அடி தள்ளி வைத்தால்தான் முழு நாதம் வரும். ஹெட்போன் கிளிக் அவர்களுக்குப் பழக்கமில்லாவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர்களை முதலில் வாசிக்கவிட்டு, அந்த வேகத்துக்கு கிளிக்கை அமைத்துக்கொள்ளலாம். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனால் அவர்களுக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல் கொடுங்கள், பாட்டில் பெயர் போடுங்கள்.

வீட்டிலேயே எடுக்கலாமா? சுவரில் முட்டை அட்டை, பத்தமடைப் பாய் கட்டினால் போதுமா?

குரலும் கிட்டாரும் எடுக்கலாம், டிரம்ஸ் வேண்டாம். முட்டை அட்டையும் பாயும் மேல் சுருதி எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பத்து அடி அறையில் சுவருக்குச் சுவர் மோதித் தேங்கி நிற்கும் அலை ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அதனால் அந்த ஒரு சுரம் வரும்போது மட்டும் அறையே ஊதும், பாய் அதைத் தொடக்கூட முடியாது. நாலு அங்குலக் கனத்தில் ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) பலகைகளை மூலைகளில் நிறுத்தினால்தான் கொஞ்சமாவது அடங்கும். குரலுக்கு மட்டும் என்றால் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு இலவம் பஞ்சு மெத்தையை நிறுத்துங்கள், நன்றாகவே வரும்.

நாளைப் பார்த்து வையுங்கள். பக்கத்துத் தெருவில் கொடை என்றால் குழாய் ஸ்பீக்கர் மூன்று தெரு தள்ளியும் மைக்கில் ஏறும். ஆனி ஆடியில் காற்று ஜன்னல் கதவை ஆட்டும். ஊஊ என்று ஒரு ரீங்காரம் தொடர்ந்து கேட்டால் அது பெரும்பாலும் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டில், எர்த் உள்ள பாயிண்டில் செருகிப் பாருங்கள். எர்த் பின்னை வெட்டிவிடுவது ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஃபைல்களை யார் வைத்துக்கொள்வது?

நீங்கள். அன்றைக்கே. ஒரு ஸ்டூடியோவில் எங்கள் டிரம்ஸ் முழுக்க ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தது, அடுத்த வாரம் அது போய்விட்டது, இரண்டு நாள் உழைப்பு திரும்பி வரவேயில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு ஒன்பது எம்பிக்குள்தான் வரும். பதினாறு ட்ராக், நாலு நிமிடம் என்றால் ஒரு டேக்குக்கு ஏறத்தாழ 550 எம்பி. ஒரு 64 ஜிபி பென் டிரைவ் போதும், கிளம்பும் முன் கேட்டு வாங்குங்கள்.

மிக்ஸிங் வேறு, மாஸ்டரிங் வேறா?

ஆமாம். மிக்ஸிங்கில் ட்ராக்குகளின் அளவு, இடம், ரிவெர்ப் (எதிரொலி) எல்லாம் முடிவாகும். மாஸ்டரிங்கில் முடிந்த ஸ்டீரியோ ஃபைலின் மொத்த நிறமும் சத்தமும் சரி செய்யப்படும். மிக்ஸ் செய்யும்போது பேண்டிலிருந்து ஒருவர் மட்டும் பேசுங்கள், நாலு பேரும் அவரவர் கருவியை ஏற்றச் சொன்னால் எல்லாம் ஏறி பழைய இடத்துக்கே வரும். கார், போன், சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் மூன்றிலும் கேட்டுப் பாருங்கள். சத்தத்துக்காக நசுக்கச் சொல்ல வேண்டாம்: ஸ்பாட்டிஃபை வழக்கமாக -14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்பும், அதற்கு மேல் ஏற்றியதை அது இறக்கிவிடும், டிரம்ஸின் குத்து போனதுதான் மிச்சம்.

உரிமை யாருக்கு?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகள், இசை, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி. யார் எதை எழுதினார், ஒலிப்பதிவு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், பாட்டு வெளிவருவதற்கு முன்னால், எல்லோரும் நட்பாக இருக்கும்போதே.

பதிவு நாளில் பையில் என்ன இருக்கணும்?

ஒரு செட் கூடுதல் கம்பி, பெடலுக்கு 9 வோல்ட் பேட்டரி, டிரம் சாவி, கூடுதல் குச்சிகள், ட்யூனர், பென் டிரைவ், குளிர்ச்சியில்லாத தண்ணீர். பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கம் ஆனால் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். தாளைப் புரட்டும் சத்தம் மைக்கில் விழும்.